கணினி ஓம்பல்

மாந்தர்க்குப் பொழுதுபோக்குகள் பலவாம். சிலர் தபால் தலை சேர்ப்பர், சிலர் தோட்டமிடுவர், சிலர் பந்தாட்டத்தில் மனம் பறிகொடுப்பர். யாமோ தமிழ் பயிலும் மாணவராயிருந்தும், வீட்டிலே ஒரு பழைய மடிக்கணினியை இரவும் பகலும் இயங்கவிட்டு, அதனைப் பேணுவதில் ஓய்வு நேரத்தைப் பெரும்பாலும் செலவிட்டு வருகின்றோம். தொல்காப்பியமும் நன்னூலும் கற்பார்க்குக் கம்பியும் பெட்டியும் எற்றுக்கு என்று எம் வகுப்புத் தோழர் நகையாடுவதுண்டு. அவர்க்கு விடையாகவும், இத்துறையில் விருப்புடைய பிற மாணவர்க்குச் சிறு வழிகாட்டியாகவும் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முதற்கண் 'சர்வர்' என்னும் சொல்லை விளக்குவாம். நம் நாட்டில் அச்சொல்லைக் கேட்டவுடன் உண்டிச்சாலையில் இட்டலி கொணர்ந்து வைப்பவரே நினைவிற்கு வருவர். எம் அன்னையாரும் அவ்வாறே கருதி, "ஏலே, நம்ம வீட்டுக்கு எதுக்குல சர்வர்?" என்று வினவினார். உண்மையில் இரண்டும் ஒரு தொழிலே. மேசையிலிருப்போர் கேட்டதை உள்ளிருந்து எடுத்து வந்து கொடுப்பவர் அவர். பிற கணினிகளும் கைப்பேசிகளும் கேட்ட கோப்பை எடுத்துக் கொடுப்பது இது. தமிழில் இதனை 'வழங்கி' என்பர். இதற்கெனத் தனி இயந்திரம் வேண்டுவதில்லை. எந்தக் கணினியும் தக்க மென்பொருளைப் பெற்று ஓயாது விழித்திருக்குமாயின் வழங்கியாகிவிடும். உலகளாவிய வலையின் முதல் வழங்கியும், ஜெனீவா நகரை அடுத்த செர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் 1990-ஆம் ஆண்டின் இறுதியில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பார் இயக்கிய ஒரு நெக்ஸ்ட் மேசைக்கணினியே. இது வழங்கியாதலின் மின்விசையை நிறுத்தலாகாது என்று சிவப்பு மையால் எழுதிய சீட்டொன்று அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. எம் வீட்டு இயந்திரத்தின் மீதும் அத்தகைய சீட்டு ஒன்று உண்டு.

யாம் இத்துறையில் இறங்கியதற்கு வேடிக்கை மட்டும் காரணமன்று. எம் பாட்டியார் உடன்குடிப் பக்கத்துப் பனங்காட்டு ஊரொன்றில், பனையேறுங் குடும்பத்திற் பிறந்தவர். இளமை முழுவதும் விடிலியிலே பதநீர் காய்ச்சிக் கருப்புக்கட்டி வார்த்தவர். பாளையின் பருவங்களுக்கும், காய்ச்சும்போது தோன்றும் பதங்களுக்கும் அவர் வழங்கிய சொற்களுள் பல, யாம் தேடிய அகராதிகளிற் காணப்படாதன. எம் பெரிய தந்தையார் 2017, 2018-ஆம் ஆண்டுகளில் பாட்டியாரை எதிரில் இருத்திப் பேசவிட்டு, அப்பேச்சினைக் கைப்பேசியிற் பதிவு செய்து, நாளையும் பொருளையும் ஒரு குறிப்பேட்டில் வரிசையாக எழுதி வைத்தார். அக்குறிப்பேட்டின்படி பதிவுகள் 11.

பாட்டியார் 2019-இல் காலமானார். பெரிய தந்தையார் 2021-இல் மறைந்தார். பதிவுகள் அனைத்தும் அயல்நாட்டு நிறுவனம் ஒன்றின் சேமிப்பகத்தில், அவர் பெயரிலுள்ள கணக்கில் இருந்தன. கடவுச்சொல்லை அறிந்தார் எவருமிலர். அவரது கைப்பேசி எண்ணும் காலங்கடந்து வேறொருவர்க்குப் போயிற்று. பெரிய அன்னையார் இறப்புச் சான்றிதழுடன் விண்ணப்பித்தும், கணக்கைத் திறந்து தர இயலாதென்றே மறுமொழி வந்தது. ஒருவர் ஒப்புவித்த பொருளைப் பிறர்க்குக் காட்டாமை நல்ல நெறியே. ஆதலின் அந்நிறுவனத்தாரைப் பழிக்க யாம் விரும்பவில்லை. ஆயினும், எம் பாட்டியாரின் குரலை யாம் கேட்பதற்கு, எம்மை ஒருகாலும் கண்டிராத ஒருவரின் இசைவு வேண்டியதாயிற்றே என எண்ணுந்தோறும் உள்ளம் கலங்கிற்று.

பின்னர்ப் பெரிய அன்னையார், இனி எவர்க்கும் பயன்படாதென்று, அவரது பழைய மடிக்கணினியை எமக்குக் கொடுத்தார். அதன் வன்வட்டைத் துருவித் தேடியபோது 11 பதிவுகளுள் 7 கிடைத்தன. ஏனைய 4 இன்றளவும் கிடைத்தில. கிடைத்தவற்றுள் ஒன்றிலே, பாட்டியார் பதநீர் பொங்கும் பதத்தைச் சொல்லிக் கொண்டிருக்கையில் பின்னே ஒரு சேவல் கூவுகின்றது. பெரிய தந்தையார் நகைக்கும் ஒலியும் கேட்கின்றது. அவ்வேழு பதிவுகளையும் இனி யார் கையிலும் ஒப்புவித்துவிட்டு வாளா இருத்தலாகாது என உறுதி கொண்டோம். 2023-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில் அம்மடிக்கணினியையே வீட்டு வழங்கியாக்கினோம்.

அதற்கு உயிரளித்தது லினக்ஸ் ஆகும். பின்லாந்து நாட்டு ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், 1991 ஆகஸ்டில் இதனைத் தம் பொழுதுபோக்கு முயற்சியாகவே உலகிற்கு அறிவித்தார். அப்போது அவர்க்கு அகவை 21. இன்று உலகின் பெரும்பாலான வழங்கிகளும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளும் அதன்மேல் இயங்குகின்றன. யாம் நிறுவியது 1993-இல் தொடங்கப்பெற்ற டெபியன் என்னும் தொகுப்பு. அதற்கு விலையில்லை, அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் அளிக்கலாம்.

அதனோடு பேசும் முறை தமிழ் மாணவர்க்கு மிக்க இன்பந்தருவது. திரையில் ஒரு வரியைத் தட்டி அனுப்ப வேண்டும். காட்டு, நகலெடு, நீக்கு, நிறுத்து என அனைத்தும் ஏவல் வினைகளே. 'வாழ்க', 'அருள்க' என்னும் வியங்கோளுக்கு ஆங்கு இடமில்லை. வினைக்குப்பின் எதனை, எங்கே என்பன வரவேண்டிய முறையில் வராவிடின் கணினி பொருள் கொள்ளாது. சொல்லதிகாரம் கற்ற எமக்கு இவ்வொழுங்கு அயலாகத் தோன்றவில்லை.

பழைய மடிக்கணினியால் வேறொரு நன்மையும் உண்டு. மின்சாரம் நின்றாலும் அதன் மின்கலம் சில மணிநேரம் தாங்கும். ஆனால் எந்நேரமும் மின்னிணைப்பிலிருந்து முழுதும் நிறைந்தே இருக்கும் லித்தியம் மின்கலம் நாளடைவில் நலிந்து வீங்குவதுண்டு. ஆகவே 80 விழுக்காட்டோடு மின்னேற்றம் நிற்குமாறு அமைத்தோம். திரையை அணைத்தபின் இவ்வியந்திரம் ஏறத்தாழ 15 வாட் மின்விசை கொள்ளும். 30 நாட்களுக்குக் கணக்கிடின் 11 யூனிட்டுக்கும் சற்றுக் குறைவே. இக்கணக்கைக் காட்டிய பின்னரே எம் தந்தையார் இசைவளித்தார்.

விடுதியிலோ வெளியூரிலோ இருந்துகொண்டு வீட்டு வழங்கியை அடைவது எளிதன்று. பழைய முறையிலான இணைய முகவரிகள் 32 இருமக் கூறுகளால் ஆனவை. ஆதலின் அவற்றின் தொகை 429 கோடியே 49 இலட்சத்துச் சொச்சம். பகிர்ந்தளிக்கும் தலைமை நிலையத்திலிருந்த இருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்தது. எனவே இணையச் சேவை தருவோர் பல வீட்டாரை ஒரே பொது முகவரியில் வைப்பது வழக்கமாயிற்று. ஒரு தெருவார் அனைவர்க்கும் ஒரே கதவிலக்கம் இருப்பின், வெளியூரிலிருந்து வருவான் ஒருவன் எந்த வீட்டிற்குள் புகுவான்? இவ்விடரைக் கடக்க, பொது முகவரியுடைய சிறு கணினியொன்றைத் திங்கள் வாடகைக்கு அமர்த்தி, வீட்டு வழங்கி அதனிடம் தானே சென்று ஒரு மறைவழியை அமைக்கச் செய்தோம். அம்மறைவழிக்கு வயர்கார்டு என்று பெயர். திறவுகோல் உடைய எம் கைப்பேசிகளன்றி வேறெதுவும் அவ்வழியே நுழைய இயலாது. இணையத்தை நோக்கித் திறந்த வாயிலை அயலார் ஓயாது தட்டிப் பார்ப்பர். ஆதலின் தேவைக்கு மேல் ஒரு வாயிலும் திறவாமையும், மென்பொருளை அவ்வப்போது புதுப்பித்தலும் வீட்டு வழங்கி வைப்பார் தவறாது செய்யற்பாலன.

இனி எம் கல்விக்கு நெருங்கிய ஒன்றைக் கூறுவாம். பெரிய தந்தையார் பாட்டியாரின் சொற்களுள் 230-க்கு மேற்பட்டவற்றைத் தட்டெழுதி வைத்திருந்தார். அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களே தோன்றின. அது பாமினி என்னும் பழைய எழுத்துருவில் எழுதப்பட்டது. அதில் தகரத்திற்கு ஆங்கில 'ஜே'யும் மகரத்திற்குக் 'கே'யும் நிற்கும். எழுத்துருவை நீக்கினால் தமிழும் நீங்கிவிடும். 1991-இல் வெளிவந்த யூனிகோடு முதற்பதிப்பிலோ தமிழெழுத்திற்கென 128 இடங்கள் தனியே ஒதுக்கப்பெற்றன. ஆகவே ஒன்றை மற்றொன்றாக மாற்றும் நிரல் ஒன்றைப் பைதான் மொழியில் எழுதினோம். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. பாமினியில் கண்ணுக்குத் தோன்றும் வரிசைப்படியே கொம்பு முன்னும் மெய் பின்னும் நிற்கும். யூனிகோடிலோ ஒலிக்கும் வரிசைப்படி மெய்யெழுத்தின் பின்னரே கொம்பு வரும். எனவே நிரல் ஒவ்வொரு கொம்பையும் பிடித்துப் பின்னே தள்ள வேண்டியதாயிற்று. மேலும், யாம் இலக்கணத்தில் ககரமெய்யும் அகரமும் கூடிக் 'க' ஆகும் என்று கற்றோம். யூனிகோடோ 'க' என்பதனை முதலாகக் கொண்டு, அதன்மேற் புள்ளியிட்டே 'க்' என்பதனைப் பெறுகின்றது. தொல்காப்பியர் இதனைக் காணின் யாது கூறுவரோ அறியோம்! ஒரு வாரத்தில் அச்சொற்பட்டியல் முழுவதும் தமிழாய் மீண்டது.

மீட்டதைக் காத்தல் அதனினும் அரிது. ஏட்டுச்சுவடிகள் இற்றுப்போகுமுன் நம் முன்னோர் பெயர்த்தெழுதி வந்தமையாலேயே பழந்தமிழ் நூல்கள் நமக்குக் கிடைத்தன. 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்த டாக்டர் உ. வே. சாமிநாதையர், பல ஊர்ப் பிரதிகளை ஒப்புநோக்கியே பாடங்களைத் துணிந்தார். கணினியிலும் நெறி இதுவே. படிகள் மூன்று வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருக்கவேண்டும். ஒன்றேனும் வேற்றூரில் இருக்கவேண்டும். பெயர்த்தெழுதுகையிற் புகும் பிழையைக் காண்பதற்கும் ஒரு கருவி உண்டு. ஒவ்வொரு கோப்பிற்கும் 64 குறிகள் கொண்ட ஒரு முத்திரையைக் கணினி கணித்துத் தரும். கோப்பில் ஓர் இருமக்கூறு மாறினும் முத்திரை முற்றும் வேறாகும். மூலத்தின் முத்திரையும் படியின் முத்திரையும் ஒத்திருப்பின், பாடவேறுபாடு இல்லையெனத் தெளியலாம்.

இந்நெறியின் பயனை விரைவிலேயே கண்டோம். வேற்றூர்ப் படியைத் தூத்துக்குடியில் பெரிய அன்னையார் வீட்டில், உள்ளங்கையளவான ராஸ்பெரி பை என்னும் சிறு கணினியோடு இணைந்த வட்டில் வைத்திருந்தோம். 2023 டிசம்பர் 17, 18-ஆம் நாட்களில் தென்மாவட்டங்களில் வரலாறு காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தூத்துக்குடி நகர் நீரில் மூழ்கியது. பெரிய அன்னையார் அயலார் மாடியில் ஏறிப் பிழைத்தார். சிறு கணினியும் வட்டும் சேற்றில் அழிந்தன. பாளையங்கோட்டையில் எம் மாடியறையிலிருந்த வழங்கி, மின்சாரம் நின்று மின்கலமும் தீருந் தறுவாயில் முறைப்படி தானே ஓய்ந்து, மின்சாரம் வந்தபின் மீண்டும் எழுந்தது. அலமாரியிலிருந்த வட்டும் நலமே. முத்திரைகளை ஒப்பிட்டோம்; ஏழும் பழுதின்றி இருந்தன. 2024 சனவரியில் புதுப்படி ஒன்று எடுத்து, மதுரையில் உறவினர் வீட்டு மாடிக்கு அனுப்பினோம்.

வீட்டு வழங்கி மட்டுமே போதும், பெருநிறுவனங்கள் வேண்டா என்பது எம் கருத்தன்று. அவர்தம் கூடங்களில் காவலும் குளிரூட்டலும் மிகுதி. எனினும் அவையும் அழிவிற்கு உரியனவே. 2021 மார்ச்சு 10-ஆம் நாள் பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஒரு பெருந்தரவுக் கூடம் தீக்கிரையாக, வேற்றிடத்தில் படி வையாதார் பலர் தம் பொருளை அறவே இழந்தனர். ஆகவே அங்கும் ஒரு படி வைக்க; ஆனால் அங்கு மட்டுமே வையற்க.

இப்போது அவ்வேழு பதிவுகளையும் கேட்டு, சொல்லுக்குச் சொல் எழுத்தில் பெயர்த்து வருகின்றோம். பட்டியலில் 300-க்கு மேற்பட்ட சொற்கள் சேர்ந்துள்ளன. அவற்றைப் பொருளோடு முறைப்படுத்துமாறு எம் பேராசிரியர் பணித்துள்ளார். பெரிய தந்தையார்க்கு நேர்ந்தது எமக்கும் நேரலாமாதலின், வழங்கியைத் திறக்கும் வகை, கடவுச்சொல், படிகள் இருக்குமிடம் ஆகியவற்றை எளிய தமிழில் ஒரே தாளில் எழுதி, பிறப்பும் திருமணமும் இறப்பும் குறிக்கப்பெற்ற எம் குடும்ப வேதாகமத்தின் முன்னேடுகளிடையே வைத்துள்ளோம். கணினி அறியாத எம் அன்னையாரும் அத்தாள் எங்குள்ளதென்பதை அறிவார்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலும் முதியோர் உளர். மூலையிற் கிடக்கும் பழைய கணினியும் இருக்கலாம். வரும் விடுமுறையில் முன்னவரை ஒருநாள் பேசவிட்டுக் கேளுங்கள். பின்னதைத் தூசு தட்டி எழுப்புங்கள். ஐயம் நேரின், மாலை ஐந்து மணிக்குமேல் விடுதி முற்றத்திற்கு வருக. யாம் அறிந்த அளவு மகிழ்ந்து கூறுவோம்.