கொங்கு வழி – 6: கணவாய்க் காற்றும் பழைய காத்தாடியும்

பல்லடத்திலிருந்து உடுமலை சாலையில் கேத்தனூர் தாண்டியதும் தென்னந்தோப்புகளுக்கு மேலே காத்தாடிகள் தலைகாட்டுகின்றன. குடிமங்கலம், பூளவாடி என்று போகப் போகத் திரும்பிய பக்கமெல்லாம் அவைதான். ஆனி மாதக் காற்றில் பைக்கை நேராக ஓட்ட முடியவில்லை.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மலைத்தொடர் விட்ட இடைவெளிதான் பாலக்காட்டுக் கணவாய். அகலம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தென்மேற்குப் பருவக்காற்று மழையில் பெரும்பங்கைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, இந்த வாசலில் நெருக்கியடித்துப் புகுந்து வருகிறது. மழை குறைந்த இந்தச் சீமைக்கு வெறுங்காற்றுதான் மிச்சம். அதை மின்சாரமாக்க, இங்குள்ள நூற்பாலைகள் 1990களிலேயே சொந்தக் காசு போட்டுக் காத்தாடி நட்டன. அந்தத் துணிச்சலை எண்ணிப் பெருமைப்படுகிறேன்.

அக்காலத்து இயந்திரம் ஒன்றின் அடியில் நின்றேன். ஆங்கிள் இரும்புக் கோபுரம், 225 கிலோவாட் திறன். இந்த ரகத்தில் இறக்கை வட்டம் 27 மீட்டர். நிமிடத்துக்கு 40 சுற்றை ஒட்டிச் சுழலும் இறக்கையின் வேகத்தை கியர்பாக்ஸ் ஆயிரத்துக்கு ஏற்றி ஜெனரேட்டருக்குக் கொடுக்கிறது. “காத்து திசை மாறுச்சுன்னா தலை தானாத் திரும்பிக்குமுங்க” என்றார் ஆபரேட்டர் அண்ணன்.

இங்கிலாந்தின் பிட்ஸ்டோன் கிராமத்து மாவு அரைக்கும் காற்றாலையில் அந்த வசதி கிடையாது. நடுக்கம்பத்தில் நிற்கும் மரக்கூடு முழுவதையும் ஆளே நெம்பித் திருப்ப வேண்டும். அதன் மரத்தில் 1627 என்று செதுக்கியிருக்கிறது. 1902இல் புயலில் சிதைந்து பாழாய்க் கிடந்ததை, 1963 முதல் ஊர்த் தன்னார்வலர்கள் விடுமுறை நாட்களில் செப்பனிட்டார்கள். 1970இல் அது மறுபடி தானியம் அரைத்தது.

இங்கே கதை வேறு. பழைய காத்தாடிகளை மாற்றியமைக்க 2024இல் தமிழக அரசு கொள்கை வெளியிட்டது. அது சரிதான், இன்றைய இயந்திரம் ஒன்றே 2 மெகாவாட்டுக்கு மேல் தருகிறது, நல்ல காற்றுள்ள நிலத்தைச் சிறு இயந்திரங்கள் அடைத்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் கழற்றியதெல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டால், கொங்கு மண் காற்றை மின்சாரமாக்கப் பழகிய காலத்துக்குச் சாட்சி இருக்காது.

மில் முதலாளிகளே, மின்வாரியத்தாரே, பூளவாடிப் பக்கம் ஒரே ஒரு பழைய காத்தாடியைச் செப்பனிட்டு ஓடவிடுங்கள். பள்ளிப் பிள்ளைகள் அருகில் போய்ப் பார்க்கட்டும்.

(பயணம் தொடரும்)