சூடானால் அடங்கிப் போகும் கார்

காரைப் பற்றிய விடயம் என்றதும் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள் சகோதரிகளே. வீட்டில் கார் இருந்து, அதை நீங்களே ஓட்டுகிறவராக இருந்தால், அல்லது மகனோ கணவரோ “கராஜுக்குக் காசு வேணும்” என்று வந்து நிற்கும் வீடாக இருந்தால், இது உங்களுக்கும் உரியதுதான். இரண்டரை இலட்சம் ரூபாவை ஒரு ஊசித் துவாரத்துக்காகக் கொடுக்கவிருந்தவள் நான்.

எங்கள் வீடு அக்குறணையில். கணவர் கட்டாரில். வாப்பா மௌத்தாகும்போது விட்டுச் சென்ற பழைய ஜப்பான் கார் ஒன்று இருக்கிறது. 1988 ஆம் ஆண்டுத் தயாரிப்பு. காபரேட்டர் வைத்தது, கையால் இழுக்கும் சோக் உள்ளது. 2022 ஆம் ஆண்டு தொடக்கத்தில் உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்து விட்டது. வாரத்தில் இரண்டு நாள் கண்டிக்குக் கூட்டிப்போய் உடற்பயிற்சி கொடுக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். ஆரம்ப மாதங்களில் விடாமல் செய்தால்தான் கையும் காலும் திரும்ப வரும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார்.

அந்த வருடம் நாடு இருந்த நிலை உங்களுக்கு நினைவிருக்கும். ஜூன் மாதக் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. அந்த விலை கொடுத்தாலும் கிடைக்கவில்லை. வரிசையில் இரவு பகலாக நிற்க எங்கள் வீட்டில் ஆண் துணையில்லை. இரண்டரை மாதம் கார் கொட்டிலிலேயே நின்றது. உம்மாவுக்கு நான் தெரிந்த அளவில் வீட்டிலேயே கை காலை அசைத்து விட்டேன். கியூ.ஆர். முறை வந்து வாரத்துக்கு 20 லீற்றர் கிடைத்த பிறகுதான் மீண்டும் கண்டிப் பயணம் தொடங்கியது. அதோடு இந்தத் தொல்லையும் தொடங்கியது.

காலையில் சோக்கை இழுத்துச் சாவியைத் திருப்பினால் கார் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும். நன்றாக ஓடும். பத்துப் பதினைந்து நிமிடத்தில் எஞ்சின் சூடாகி, சோக்கை உள்ளே தள்ளியதும், நிற்கும் இடத்தில் எல்லாம் சத்தம் இறங்கத் தொடங்கும். கார் முழுவதும் நடுங்கும். பற்றரி லைற் மங்கலாக எரியும், ஒயில் லைற் மினுங்கும், பிறகு நின்றுவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு குறையும் இல்லை. பிரேக் பிடித்து நிறுத்தினால்தான் அடங்கிப் போகும்.

ஒரு நாள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தின் நடுவில் நின்றுவிட்டது. பின்னால் பஸ்ஸும் லொறியும் ஹோர்ன் அடிக்கின்றன. உம்மா வாய் கோணிய நிலையில் ஏதோ சொல்ல முயன்று, சொல் வராமல் அழத் தொடங்கி விட்டார். கீழே மகாவலி. அந்தப் பதற்றத்தில் சாவியைத் திருப்பிக்கொண்டே சோக்கையும் பாதி இழுத்து விட்டேன். கார் உயிர் பெற்றது. அதை அப்போது நான் யோசிக்கவில்லை. பாலத்தைத் தாண்டினால் போதும் என்றிருந்தது.

மறுநாள் காலை ஒரு கராஜுக்குக் கொண்டு போனேன். அங்கிருந்த தம்பி போனட்டைத் திறந்து ஒரு ஸ்குரூவை அரைச் சுற்று முறுக்கினார். சத்தம் கூடியது. “சரி தாத்தா, கொண்டு போங்க” என்றார். எஞ்சின் அப்போது இன்னும் சூடாகவே இல்லை. பாதி வழியில் பழைய கதைதான். இரண்டாம் முறை போனபோது ஒயில் லைற் மினுங்குவதைப் பார்த்துவிட்டு, “எஞ்சின் தேஞ்சு போச்சு, ஓவர்ஹோல் செய்யணும்” என்றார்கள். இரண்டரை இலட்சம். என் நானாவோ, “வித்துத் தள்ளு, திரீவீலர்ல போகலாம்” என்றார். பாதி உடம்பு சுவாதீனம் இல்லாத உம்மாவைத் திரீவீலரில் ஏற்றி இறக்குவது எப்படி என்று நானாவுக்குத் தெரியாது. ஏற்றி இறக்குகிறவள் நானல்லவா!

அதன் பிறகு மூன்று வாரம் சோக்கைப் பாதி இழுத்தபடியே ஓட்டினேன். கார் நிற்கவில்லை. ஆனால் கறுப்புப் புகை தள்ளியது, 20 லீற்றர் வாரக் கடைசி வரை வரவில்லை. இப்படி ஓட்டக் கூடாது என்பதைப் பின்னர்தான் தெரிந்து கொண்டேன். கூடுதலான பெற்றோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஒயிலைக் கழுவி விடுமாம். இல்லாத தேய்மானத்தை நானே வரவழைத்துக் கொண்டிருந்திருக்கிறேன்.

வாப்பாவின் லொறியை அந்தக் காலத்தில் பார்த்த பாஸ் ஒருவர் அலவத்துகொடைப் பக்கம் இருக்கிறார். வயதாகித் தொழிலை விட்டுவிட்டார். பாஸ் மாமா என்றுதான் சிறுவயது முதல் அழைப்போம். காசோலை எழுத முன் அவரை ஒரு வார்த்தை கேட்போமே என்று போன் எடுத்தேன். அவர் காரைக் கொண்டு வரச் சொல்லவில்லை. கேள்விதான் கேட்டார்.

“காலையில எப்படி மகள்? சூடான பிறகு எப்படி? ஓடுறப்போ இழுவை குறையுதா? சோக்க இழுத்தா என்ன செய்யிது?”

நடந்ததைச் சொன்னேன். சோக்கை இழுத்ததும் உயிர் பெற்றதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். “அப்ப பாதி வேலைய நீங்களே செஞ்சிட்டீங்க. நாளைக்குக் கொண்டு வாங்க, சூடாக்கிக் கொண்டு வாங்க” என்றார்.

அவர் எனக்குப் புரிய வைத்ததை நான் விளங்கிய விதத்தில் எழுதுகிறேன். குளிர்ந்த எஞ்சினுக்குள் பெற்றோல் சரியாக ஆவியாவதில்லை. அதனால் சோக்கை இழுத்துக் காற்றைக் குறைத்து, பெற்றோல் கலவையைக் கெட்டியாக்குகிறோம். அந்தச் சோக் கம்பியே எக்ஸலேட்டரையும் இலேசாகத் திறந்து வைக்கிறது. ஆகவே காலையில் எஞ்சின் உரத்து ஓடுவது அதன் சுகத்தைக் காட்டுவதல்ல, ஊன்றுகோலைக் காட்டுவது. சூடானதும் ஊன்றுகோலை எடுக்கிறோம். அப்போதுதான் அதன் உண்மையான நடை தெரிகிறது. குறை சூட்டினால் வந்ததல்ல. காலையிலும் அது அங்கேதான் இருந்தது, சோக் மறைத்து வைத்திருந்தது. அந்தத் தம்பி குளிர்ந்த எஞ்சினில் ஸ்குரூவை முறுக்கியது ஏன் பயன்படவில்லை என்பதும் இதில் விளங்கும்.

ஒயில் லைற் விடயமும் அப்படித்தான். அந்த மாதிரிக் கார் சூடான பின் நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 800 சுற்று அளவில் ஓட வேண்டும். என்னுடையது 400 க்கு இறங்கியிருந்தது. அந்த வேகத்தில் ஒயில் பம்பும் மெதுவாகத்தான் சுற்றும், அமுக்கம் குறையும், லைற் மினுங்கும். எஞ்சின் தேய்ந்ததால் லைற் மினுங்கவில்லை. வேகம் இறங்கியதால் மினுங்கியது. (சரியான வேகத்தில் ஓடும்போதும் அந்த லைற் எரிந்தால் அது வேறு கதை. உடனே காரை நிறுத்திவிட வேண்டும்.)

மறுநாள் அவருடைய முற்றத்தில் வைத்துப் பார்த்தோம். முதலில் எயார் கிளீனரைக் கழற்றி, ஓடும் எஞ்சினின் காபரேட்டர் வாயை உள்ளங்கையால் கொஞ்சம் மூடினார். தள்ளாடிய எஞ்சின் நிமிர்ந்து ஓடியது. கலவையில் பெற்றோல் போதவில்லை என்பது உறுதியாயிற்று. இனி இரண்டே சந்தேகம். எங்காவது வெடித்த ரப்பர் குழாயால் களவாகக் காற்று நுழைய வேண்டும், அல்லது பெற்றோல் வரும் வழி அடைபட்டிருக்க வேண்டும்.

காற்றுக் கசிவைப் பார்க்க, நாம் உடுப்பு அயன் பண்ணும்போது தண்ணீர் தெளிக்கும் போத்தல் ஒன்றை எடுத்து வரச் சொன்னார். குழாய்களின் மூட்டிலும் காபரேட்டரின் அடியிலும் ஒவ்வோர் இடமாகத் தண்ணீரைத் தெளித்துக் காது கொடுத்தார். கசிவு இருந்தால் தண்ணீர் படும் நேரம் சத்தம் மாறுமாம். மாறவில்லை. சிலர் இதற்குப் பெற்றோலையே தெளிப்பார்கள். சூடான எஞ்சினில் அதைப்போல் மடத்தனம் வேறில்லை என்று கடிந்து சொன்னார்.

ஆக, எஞ்சியது பெற்றோல் வழி. ஓடும்போது பெற்றோல் வருவது பெரிய துளையால். நின்ற இடத்தில் ஓடுவதற்கென்று தனியாக ஒரு சின்ன ஜெட் இருக்கிறது. துளை அரை மில்லிமீற்றர்தான். ஓட்டத்தில் குறையில்லாமல் நிறுத்தத்தில் மட்டும் அடங்கியதற்குக் காரணம் அதுதான். எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு அந்த ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, “பாருங்க மகள், ஓட்டை தெரியுதா?” என்றார். தெரியவில்லை. காய்ந்த பெற்றோல் பிசின் பழுப்பு நிறத்தில் அடைத்திருந்தது. இரண்டரை மாதம் காபரேட்டருக்குள் தேங்கிய பெற்றோல் ஆவியாகி, மிஞ்சிய கசடு அது. வரிசையில் நிற்க ஆளில்லாத வீட்டுக் காருக்கு வந்த வியாதி!

நான் ஊசி எடுத்து வரட்டுமா என்று கேட்டேன். கையெடுத்துத் தடுத்தார். ஊசியோ கம்பியோ விட்டால் துளை பெருத்துவிடும், பிறகு எந்தக் காலத்திலும் கலவை சரி வராது. கழுவும் திரவத்தில் ஊறவிட்டுக் காற்றடித்தார். பூட்டி, எஞ்சினை மீண்டும் நன்றாகச் சூடாக்கி, லைற் எல்லாவற்றையும் அணைத்து, மீற்றர் ஒன்றைத் தொடுத்து 800 க்கு ஸ்குரூவை வைத்தார். அதிலும் சரி வராதிருந்தால் அடுத்ததாக டெப்பட் இடைவெளியைப் பார்த்திருப்பாராம். அது இறுக்கமாக இருந்தாலும் சூட்டில் ஐட்லிங் கெடும். அதற்குத் தேவை வரவில்லை. கூலி என்று நீட்டியதை அவர் வாங்கவேயில்லை. மாமிக்குக் கொஞ்சம் தொதலும் பழமும் கொடுத்துவிட்டு வந்தேன்.

உங்களுடையது ஊசி முறையில் பெற்றோல் தெளிக்கும் புதிய காராக இருந்தால் இந்த ஜெட்டும் சோக்கும் அதில் இல்லை. ஆனால் சூடான பின் அடங்கும் குறை அதற்கும் வரும். பெரும்பாலும் காற்று வரும் வாயில் கரி படிந்திருக்கும், அல்லது ஐட்லிங்குக்குக் காற்று விடும் வால்வு அழுக்கேறி ஒட்டியிருக்கும். துப்புரவு செய்த பின், அல்லது பற்றரியைக் கழற்றிப் பூட்டிய பின், கம்பியூட்டர் தன் கணக்கைப் புதிதாகப் பழகும் வரை சில கார்கள் கொஞ்சம் தடுமாறும். உடனே பயந்து அடுத்த செலவுக்குப் போகாதீர்கள். ஹைபிரிட் காரில் சந்தியில் எஞ்சின் நிற்பது வியாதியே அல்ல. என் மச்சி முதல் வாரம் முழுவதும் அதற்காகக் கராஜுக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தாள்.

2020 முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்ததால் நம் வீடுகளில் பழைய கார்கள்தான் இன்னும் ஓடுகின்றன. ஆகவே போனட்டைத் திறந்து பார்க்கிற சகோதரிகளுக்கு இரண்டு வார்த்தை. சால்வையின் நுனியையும் அபாயாவின் கையையும் முதலில் இறுக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். மின்சாரக் காற்றாடி எஞ்சின் நின்ற பிறகும் திடீரென்று சுற்றும். மூடிய கொட்டிலுக்குள் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்கவே வேண்டாம், அந்தப் புகை ஆளைக் கொல்லும். கராஜுக்குப் போகும்போது, எப்போது நிற்கிறது, எத்தனை நிமிடத்தில், சோக்கோடா சோக்கில்லாமலா என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். அதைப் படித்துப் பார்க்கிற பாஸிடம் காரை விடுங்கள்.

அடுத்த கண்டிப் பயணத்தில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் அன்றும் நெரிசல். நடுவில் நிறுத்த வேண்டி வந்தது. கார் நடுங்கவில்லை, லைற் மினுங்கவில்லை, சத்தமும் பெரிதாக இல்லை. பக்கத்தில் இருந்த உம்மா இடது கையால் என் முழங்கையைப் பிடித்து, சொல்லைத் தேடித் தேடி மெதுவாகக் கேட்டார்: “நிண்டுட்டா மகள்?”

“இல்லம்மா, ஓடுது” என்றேன்.