கயிற்றில் இறங்கிய ஞாயிறு

விடுமுறை என்றாலே மதுரைக்காரர்களுக்கு ஒன்று கொடைக்கானல், இல்லாவிட்டால் குற்றாலம். இரண்டுமே நல்ல இடங்கள்தான். ஆனால் போக ஒரு நாள், வர ஒரு நாள், நடுவில் லாட்ஜ் வாடகை, ஹோட்டல் சாப்பாடு, திரும்பி வந்ததும் மலைபோல் அழுக்குத் துணி! குடும்பத் தலைவிக்கு ஓய்வு என்பது பேச்சுக்குத்தான். காலையில் கிளம்பி, மத்தியானச் சோற்றுக்கு வீடு வந்து சேருகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று கேட்கும் சகோதரிகளுக்காகவே இந்தக் கட்டுரை.

எங்கள் திருநகரில் மொட்டை மாடிக்குப் போனால் போதும், நாலா பக்கமும் குன்றுகள். ஒரு பக்கம் திருப்பரங்குன்றம். இன்னொரு பக்கம் பசுமலை. சற்றுத் தள்ளி, பாம்பு படுத்திருப்பது போல நீண்டு கிடக்கும் நாகமலை. சமணர்கள் மதுரையை அழிக்க ஏவிய யானையும் பசுவும் பாம்பும் இறைவன் அருளால் கல்லாகிப் போயின, அவையே யானைமலையும் பசுமலையும் நாகமலையும் என்று திருவிளையாடல் புராணம் சொல்கிறது. அந்தப் பாம்பின் முதுகில்தான் எங்கள் அரை நாள் கழிந்தது. அதுவும் கயிற்றில் தொங்கிக்கொண்டு!

மலைத்தேனும் மலைக்கயிறும்

செங்குத்தான பாறையில் கயிற்றைப் பிடித்து இறங்குவதற்கு ராப்பெலிங் என்று பெயர். 1870களில், பிரான்ஸ் நாட்டின் ஷாமோனி ஊரைச் சேர்ந்த மலை வழிகாட்டி ஜான் ஷார்லே இந்த முறையை வகுத்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் நம் மலைகளுக்குக் கயிறு புதிதல்ல. பழனி மலைப் பளியர்கள் காட்டுக்கொடியை முறுக்கி ஏணியாக்கி, பாறை இடுக்கில் தேன் எடுத்தவர்கள். நீலகிரிப் பக்கம் தேன் எடுக்க இறங்குபவரின் கயிற்றை மைத்துனர்தான் பிடிப்பாராம். கூடப் பிறந்தவள் தாலி தன் கையில் இருக்கும்போது பிடி தளருமா, என்ன!

ஜிப்லைன் என்பது வேறு. உயரத்திலிருந்து தாழ்வான இடத்துக்கு இழுத்துக் கட்டிய எஃகு வடத்தில், உருளையில் தொங்கியபடி சர்ரென்று போவது. 1970களில் மத்திய அமெரிக்காவின் காஸ்டாரிகா நாட்டில், மழைக்காட்டு மர உச்சிகளை ஆராயப் போன விஞ்ஞானிகள் மரத்துக்கு மரம் கயிற்றில் போய் வந்தார்கள். பிற்பாடு அதுவே உல்லாசப் பயணிகளுக்கு விளையாட்டாகிவிட்டது.

வீட்டில் எழுந்த புயல்

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஒரு நாள் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். மலையேற்றக் குழு ஒன்று நாகமலை அடிவாரத்தில் பெண்களுக்கும் பெண் குழந்தைகளுக்கும் அரை நாள் பயிற்சி நடத்துகிறது. பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

என் வீட்டுக்காரர் தாளைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டார். "கை கால் போச்சுன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது? பையனா இருந்தாலும் பரவாயில்ல" என்றார். அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைச் சுட்டது. அவளுக்கு இளையவன் தம்பி கேட்டிருந்தால் கையெழுத்து விழுந்திருக்கும் என்று அவளுக்கும் தெரியும். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள்.

அன்று இரவு அவரிடம் சண்டை போடவில்லை. நம் பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த முத்தமிழ்ச்செல்வியைப் பற்றிச் சொன்னேன். இரண்டு குழந்தைகளுக்குத் தாய். 2021-இல் மகளிர் தினத்தை ஒட்டி, காஞ்சிபுரம் மாவட்டம் மலைப்பட்டில் 155 அடி உயரத்திலிருந்து கண்ணைக் கட்டிக்கொண்டு கயிற்றில் இறங்கினார். 2023 மே மாதம் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். தமிழ்நாட்டுப் பெண்களில் அவர்தான் முதல்வர். "அவங்க வீட்டிலயும் யாரோ ஒருத்தர் சரின்னு சொல்லியிருப்பாங்கல்ல?" என்றேன். அவர் பதில் பேசவில்லை. காலையில், "நீயும் கூடப் போறதா இருந்தா போகட்டும். அம்மாவையும் கூட்டிட்டுப் போ" என்றார். அத்தையை அனுப்பினால் தடுத்துவிடுவார் என்ற நம்பிக்கை அவருக்கு!

கூட்டில் ஏறியதும் குனிந்து பார்த்ததும்

மார்கழி ஞாயிறு, விடியற்காலை ஐந்தரைக்கு ஆட்டோவில் கிளம்பினோம். மதுரை வெயிலுக்குப் பயந்தவர்கள் கார்த்திகை முதல் மாசி வரைக்குள் இந்தப் பயணத்தை வைத்துக்கொள்வது நல்லது. பாறை சூடேறிவிட்டால் கை வைக்க முடியாது.

தென்னந்தோப்பை ஒட்டி ஐம்பது அடி உயரப் பாறை. எங்களோடு சேர்த்துப் பதினாறு பேர். பயிற்சியாளர்களில் இருவர் பெண்கள். முதல் அரை மணி நேரம் கருவிகளைத் தொட்டுப் பார்க்கவே விட்டார்கள். சுண்டுவிரல் தடிமன் உள்ள நைலான் கயிறு. உள்ளே இழைகள், வெளியே பின்னிய உறை. புதுக்கயிறு ஈராயிரம் கிலோவுக்கு மேல் தாங்குமாம்! இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டை, 'ஹார்னெஸ்'. திருகிப் பூட்டும் உலோக வளையம், 'காராபினர்'. எட்டு என்ற எண் போன்ற இரும்புத் துண்டு ஒன்று. கயிற்றை அதில் சுற்றினால் உராய்வு உண்டாகும். அந்த உராய்வுதான் நமக்குப் பிரேக். வலது கையை இடுப்புக்குப் பின்னால் இழுத்தால் நிற்கும், தளர்த்தினால் இறங்கும். இது போதாதென்று இரண்டாவதாக ஒரு காப்புக் கயிறு. அதை வேறொருவர் பிடித்திருப்பார். நாம் கையை விட்டாலும் அவர் விடமாட்டார்.

தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று அத்தைக்கு ஒரே கவலை. "கழட்ட வேண்டாம் பாட்டி, உள்ளே தள்ளி ஊக்குப் போட்டுக்கிட்டாப் போதும்" என்றாள் பயிற்சிப் பெண். மோதிரம், வளையல், துப்பட்டா மூன்றும் கூடாது. பின்னலைச் சுருட்டித் தலைக்கவசத்துக்குள் செருகச் சொன்னாள். தொங்கும் கூந்தல் அந்த எட்டுக்குள் சிக்கினால் ஆபத்தாம்.

என் மகள் நான்காவதாகப் போனாள். விளிம்பில் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். பத்தடி இறங்கியதும் பாறை உள்வாங்கியது. அங்கே கால் வழுக்கி, இரண்டு கையாலும் கயிற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "அம்மா, கால் நடுங்குது... மேல இழுங்கம்மா..."

என் அடிவயிறு கலங்கியது. "இழுத்துடுங்க" என்று வாயெடுத்தேன். பயிற்சிப் பெண் என் கையைத் தொட்டு, "அக்கா, ரெண்டு நிமிஷம் பேசாம இருங்க. அவ என் குரலை மட்டும் கேட்கட்டும். வேணும்னா எப்பவும் இழுத்துக்கலாம்" என்றாள். பிறகு கீழே குனிந்து, பக்கத்து வீட்டில் பேசுவது போல நிதானமாகச் சொன்னாள். "பாப்பா, நாற்காலியில உட்கார்ற மாதிரி பின்னாடி சாஞ்சு உட்காரு. கயிறு உன்னைத் தாங்கும். கயித்துக்கு உன்னைவிட பலம் ஜாஸ்தி."

பெற்றவளுக்கு அந்த இரண்டு நிமிஷம் இரண்டு யுகம்! குழந்தை அழும்போது சும்மா நிற்பதைவிடக் கஷ்டமான காரியம் உலகத்தில் உண்டா? ஆனால் மெதுவாக, மிக மெதுவாக, அவள் பின்னால் சாய்ந்தாள். பயத்தில் பாறையை ஒட்டி நிமிர்ந்து நின்றால் பாதம் வழுக்கும், சாய்ந்து உட்கார்ந்தால்தான் உடல் எடை பாதத்தைப் பாறையில் அழுத்தும் என்பது பிறகு எனக்கு விளங்கியது. கால் நடுக்கம் நின்றது. ஒரு அடி. இன்னொரு அடி. தரையைத் தொட்டதும் என்னைத் தேடவில்லை. அடுத்து இறங்கப்போகும் சின்னப் பெண்ணைப் பார்த்து, "உட்காரு, உட்காரு, பயப்படாதே" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

அப்புறம் நான். வயது நாற்பத்தொன்று. இரண்டாவது பிரசவம் சிசேரியன். பத்து வருஷம் ஆனாலும் முன்கூட்டியே டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தேன். முதல் எட்டு வைப்பதுதான் கஷ்டம். நிலத்தை விட்டுவிட்டு முதுகுப்பக்கம் ஆகாயத்தில் சாய்வதற்கு மனம் லேசில் இசைவதில்லை. சாய்ந்துவிட்டால் மற்றது எளிது. ஜிப்லைன் அதைவிட எளிது. பாறையின் தோளிலிருந்து தோப்பின் கடைசி வரை, ஒரு வாய்க் காப்பி குடிக்கிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது!

கீழே வேப்ப மரத்தடியில் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தை, பேத்தியை இழுத்து அணைத்துக்கொண்டு சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். "எனக்குப் பதினாறு வயசிருக்கும். எங்க ஊர்க் கிணத்துல தூர் எடுக்க எறங்கினவதான் நானும். வடக்கயித்தை இடுப்புல சுத்திக்கிட்டு எறங்குவோம். தொப்பி ஏது, பட்டை ஏது? மேல அஞ்சு பொம்பளைக பிடிச்சிருப்பாக." இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இதை ஒரு நாளும் சொன்னதில்லை. யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அடுத்து சமணர் மலை

ஒன்பது மணிக்குள் கயிற்று வேலை முடிந்தது. பொடி தடவிய இட்லியை அங்கேயே சாப்பிட்டுவிட்டு, கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போனோம். கயிறு வேண்டாம் என்பவர்கள் நேராக இங்கேயே வரலாம். அடிவாரத்தில் ஆலமரம், அய்யனார் கோயில், தாமரைக் குளம். குழந்தைகள் ஓடி விளையாட நல்ல இடம்.

பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம். சுனைக்கு மேலே, வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். மகாவீரர், தலைக்கு மேல் நாகம் குடை பிடிக்கும் பார்சுவநாதர், பாகுபலி. கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. இன்னும் மேலே பழைய பள்ளியின் அடித்தளம் மட்டும் மிச்சம். அதற்கும் மேலே விளக்குத் தூண் அருகே கன்னடக் கல்வெட்டு. கன்னட நாட்டுத் துறவிகளுக்கும் இந்த மலைக்கும் இருந்த உறவுக்கு அதுவே சாட்சி. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. குகை வாசலில் உட்கார்ந்திருக்கும் பெரிய தீர்த்தங்கரர் முகத்தில் அப்படியொரு அமைதி! உள்ளே, சிங்கத்தின் மேலேறி யானை வீரனோடு போரிடும் இயக்கியின் சிற்பம். என் மகள் அதன் முன்னால் வெகுநேரம் நின்றாள்.

ஒரு வார்த்தை. இது பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம். இங்கே கயிறு கட்டுவதோ, பாறையில் பெயர் கிறுக்குவதோ கூடாது. குழந்தைகளுக்கு முன்பே சொல்லி அழைத்துப் போங்கள்.

திரும்பும் வழியில் ஆளுக்கொரு டம்ளர் பருத்திப்பால். திருநகருக்குப் பக்கத்திலேயே விளாச்சேரி. பரம்பரையாகக் கொலுப் பொம்மை செய்யும் ஊர். நேரமிருந்தால் எட்டிப் பார்க்கலாம். பன்னிரண்டரைக்கு வீட்டில் ரசம் கொதித்துக்கொண்டிருந்தது.

கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்

* ஒவ்வொருவருக்கும் காப்புக் கயிறு தனியாக உண்டா? கயிறு கட்டும் இடத்தில் ஒன்றுக்கு இரண்டு பிடிமானம் இருக்கிறதா?

* தலைக்கவசம், கையுறை எல்லோருக்கும் உண்டா? பூட்டுகளை இறங்குமுன் இரண்டாவது ஆள் சரிபார்க்கிறாரா?

* பெண் பயிற்சியாளர் இருக்கிறாரா? முதலுதவிப் பெட்டி, அவசரத்துக்கு வண்டி உண்டா?

* ஜிப்லைனில் உடல் எடைக்கு வரம்பு உண்டு. கூச்சப்படாமல் சரியான எடையைச் சொல்லுங்கள்.

* பயந்த குழந்தையைத் திட்டாமல், தள்ளாமல் பேசுகிறார்களா? 'வேண்டாம்' என்றால் விட்டுவிடுகிறார்களா? இதுதான் முக்கியம்.

யார் தவிர்க்க வேண்டும்? கர்ப்பிணிகள் கண்டிப்பாகக் கூடாது. இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், வலிப்பு, கடுமையான முதுகுவலி, மூட்டு விலகல் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டும். பிரசவமோ அறுவை சிகிச்சையோ ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டையை மாட்டக்கூடாது. மாதவிலக்கு நாட்களில் உடம்பு ஒத்துழைத்தால் தடை ஒன்றும் இல்லை.

எடுத்துப் போக: முழுக்கால் சுடிதார் அல்லது பேன்ட், பின்பக்கம் பட்டை வைத்த பிடிமானமுள்ள ஷூ, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், வெள்ளரிக்காய், நீர்மோர். வெயிலில் களைத்தால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கரைத்துக் கொடுக்கலாம். அளவு மிகக்கூடாது. உப்பு கூடினால் குழந்தைகளுக்குக் கெடுதல்.

அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் அத்தையிடம், "என்னம்மா, பயந்துட்டீங்களா?" என்று கேட்டார். "பயமா? அடுத்த தடவை நீயும் வா. பேத்தி சொல்லித் தருவா" என்றார் அத்தை. அவர் சிரித்துவிட்டு, மடித்து வைத்திருந்த இன்னொரு தாளை எடுத்தார். பள்ளியில் மூன்று நாள் மலையேற்ற முகாம். கையெழுத்தைப் போட்டு மகளிடம் கொடுத்தார். அவள் அதைப் புத்தகப் பையில் பத்திரமாக வைத்துவிட்டுத் தூங்கப் போனாள்.