பட்டியலில் இருப்பது யார்?

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு மாணவி)

“புதியவர்களைச் சந்திக்கும் முன், என்ன பேசுவது என்று மனத்திற்குள் ஒத்திகை பார்ப்பேன்.” “கூட்டத்தில் சிரித்துப் பேசிவிட்டு வீடு திரும்பினால் மிகவும் களைத்துப் போவேன்.” “மற்றப் பெண்கள் நடந்துகொள்வதைக் கவனித்து, அதுபோலவே நானும் நடப்பேன்.” “நான் எங்கும் ஒட்டாதவள் என்று தோன்றும்.”

அன்புத் தோழியரே! இவற்றுள் எத்தனை உங்களுக்குப் பொருந்தும்? நான்கும் பொருந்தும் என்றுதான் நீங்கள் சொல்லப்போகிறீர்கள். ஆனால் இவை ராசிபலன் பக்கத்தில் வருபவை அல்ல. ‘பெண்களிடம் காணப்படும் ஆட்டிசத்தின் அடையாளங்கள்’ என்று இக்காலத்தில் கைக்குக் கை மாறிவரும் பட்டியல்களில் இத்தகைய வாசகங்களே நிறைந்திருக்கின்றன.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அக்கா கல்லூரியில் உளவியல் பயில்கிறார். அவர் வழியாக அப்படிப்பட்ட பட்டியல் ஒன்று, இரண்டு பக்க அச்சுத்தாளாக, காலாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் எங்களிடம் வந்து சேர்ந்தது. மதிய உணவு வேளையில் வேப்பமரத்தடியில் பதினோரு பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு பென்சிலால் குறியிட்டோம். பாதிக்குக் குறையாமல் பதினோரு பேரும் குறியிட்டிருந்தோம்! வகுப்பிலேயே அதிகம் பேசி, வாரம் இருமுறை வெளியே நிறுத்தப்படும் தோழிதான் முதலிடம். “அப்ப நாம எல்லாருக்குமே ஆட்டிசமா?” என்று ஒருத்தி கேட்க, மரத்தடி சிரிப்பில் அதிர்ந்தது. நானும் சிரித்தேன். ஆனாலும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. எங்கள் குடும்பத்தில் இந்தச் சொல் சிரிப்புக்கு உரியதன்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், பெண்களுக்கென்று தனிப் பட்டியல் எதற்கு? இதற்கு நியாயமான காரணம் உண்டு. 1943ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஆட்டிசத்தைப் பற்றிய இன்றைய அறிவு பெரிதும் வளர்ந்தது. அவர்களுள் 8 பேர் ஆண். 3 பேர் பெண். அடுத்த ஆண்டில் வியன்னா நகரத்து மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் நான்கு பிள்ளைகளை விரிவாக வருணித்தார். நால்வரும் சிறுவர்களே. ஆகவே ஆட்டிசம் என்றதும் எல்லாருடைய மனத்திலும் ஒரு பையன் வந்து நின்றுவிட்டான். ரயில் அட்டவணையை ஒப்பிப்பவன் அவன். யார் முகத்தையும் பாராதவன். பெண் பிள்ளை ஒருத்தி மூலையில் அமைதியாக உட்கார்ந்திருந்தால் அவளை யார் மருத்துவரிடம் அழைத்துப் போவார்கள்? “அடக்கமான பிள்ளை” என்று பரிசல்லவா கொடுப்பார்கள்! பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு கணக்கு 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆண் நால்வருக்குப் பெண் ஒருத்தி என்று அதுவரை சொல்லிவந்தது சரியன்று, மூவருக்கு ஒருத்தி என்பதே உண்மைக்கு நெருக்கம் என்று அது காட்டியது. ஆட்டிசம் இருந்தும் கண்டுபிடிக்கப்படாமல் போகும் அபாயம் பெண்களுக்கே கூடுதல் என்றும் அது கூறியது. விடுபட்டுப் போன இந்தப் பெண்களைத் தேடித்தான் புதிய பட்டியல்கள் பிறந்தன.

அப்படியானால் எங்கள் மரத்தடிக் கூட்டத்திற்கு அவை எப்படிப் பொருந்தின?

பெர்ட்ராம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1948ஆம் ஆண்டில் தம் மாணவர் 39 பேருக்கு ஒரு தேர்வு வைத்தார். பிறகு “இது உன் குணவிளக்கம்” என்று சொல்லி ஒவ்வொருவருக்கும் ஒரு தாளைக் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் இடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது! வேடிக்கை என்னவென்றால், எல்லாருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள். வாசகங்களையும் கடையில் விற்ற ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்துதான் எடுத்திருந்தார். “வெளியே துணிச்சலாகத் தெரிந்தாலும் உள்ளே கவலைப்படுவாய்” என்பது போன்ற வாக்கியத்தை மறுப்பவர் யார்? “எங்கும் ஒட்டாதவள் என்று தோன்றும்” என்பதும் அதே சாதிதான். பதினைந்து வயதில் அப்படித் தோன்றாத பெண்ணை நான் இன்னும் பார்க்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. பெண்களின் பட்டியலில் பெரும்பகுதி ‘மறைத்தல்’ பற்றியது. உள்ளே ஒன்று இருக்க, வெளியே மற்றவர்களைப் போல் காட்டிக்கொள்வதையே அப்படிச் சொல்கிறார்கள். தோழியரே, ஆறாம் வகுப்பில் சேர்ந்த நாள் முதல் நாம் கற்றது என்ன? பேசுகிறவர் முகத்தைப் பார். இருவர் பேசும்போது குறுக்கே பேசாதே. விருந்தினர் வந்தால் எழுந்து புன்னகை செய். பிடிக்காத பண்டத்தையும் முகம் சுளிக்காமல் உண். சிஸ்டர்கள் இதை நம் நன்மைக்கே கற்பிக்கிறார்கள்; வீட்டில் பாட்டிமார் இன்னும் கண்டிப்பாகக் கற்பிக்கிறார்கள். ஆகவே, “நான் நடந்துகொள்வதெல்லாம் பார்த்துக் கற்றது” என்ற வரிக்கு நம் பள்ளியில் குறியிடாதவள் இருந்தால்தான் அதிசயம்!

இந்த மறைத்தலை அளப்பதற்கென்றே 25 கூற்றுகள் கொண்ட வினாப்பட்டியல் ஒன்றை 2019ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அதைக் கொண்டு பார்த்தபோது, ஆட்டிசம் இல்லாதவர்களும் ஓரளவு மறைக்கத்தான் செய்கிறார்கள் என்று தெரிந்தது. ஆட்டிசம் உள்ளவர்கள் அதிகம் மறைக்கிறார்கள். அவர்களுள்ளும் பெண்கள் ஆண்களைவிட அதிகம் மறைக்கிறார்கள். ஆட்டிசம் இல்லாதவர்களிடையே ஆண், பெண் வேறுபாடு தென்படவில்லையாம். இது எனக்கு வியப்பாக இருந்தது. நல்லவேளை, அவர்கள் கான்வென்ட் பள்ளிகளில் கேட்டுப் பார்க்கவில்லை!

இனி கணக்கு. எட்டாம் அத்தியாயத்து நிகழ்தகவைப் படித்து என்ன பயன் என்று கேட்கும் தோழியர் இதைக் கவனிக்கவும். 2001ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் சைமன் பாரன்-கோஹன் என்பவரும் அவர் குழுவினரும் 50 கூற்றுகள் கொண்ட ஒரு பட்டியலை அமைத்தனர். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவான பட்டியல் இது. ஆட்டிச வகையைச் சேர்ந்த 58 பேரிடம் இதைக் கொடுத்தபோது சராசரி 35.8 வந்தது. (அந்த 58 பேரில் பெண்கள் 13 பேர்தான் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்!) பொதுமக்களுள் 174 பேரிடம் சராசரி 16.4. அதாவது ஆட்டிசம் இல்லாதவர்களுக்கும் ஐம்பதில் பதினாறு பொருந்தியது. பூச்சியம் வாங்குபவர்கள் அல்லர் சாதாரண மக்கள்.

அந்த ஆய்வில் 32ஐ எல்லையாக வைத்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்களில் நூற்றுக்கு 80 பேர் எல்லையைத் தொட்டனர். மற்றவர்களில் நூற்றுக்கு 2 பேர் மட்டுமே. அருமையான பட்டியல் என்று தோன்றுகிறதல்லவா? ஆயிரம் பேர் உள்ள ஊரை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒருவர் வீதம் அங்கே ஆட்டிசம் உள்ளவர் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 8 பேர் எல்லையைத் தொடுவர். மீதி 990 பேரில் நூற்றுக்கு இருவர் என்றால் ஏறக்குறைய 20 பேர். ஆக மொத்தம் 28 பேர். அந்த 28 பேரில் உண்மையில் ஆட்டிசம் உள்ளவர் 8 பேரே. ஏழில் இரண்டு பங்கு! இது ஊரையே உட்காரவைத்துக் கேட்டால் வரும் கணக்கு. சிரமம் தாங்காமல் மருத்துவரைத் தேடி வருபவர்களிடம் கேட்டால் விகிதம் மாறும். இவ்வளவு கவனமாகச் செய்த பட்டியலுக்கே இந்தக் கதி என்றால், எல்லையும் இல்லாமல், யாரிடமும் சோதித்துப் பாராமல் எழுதிய இரண்டு பக்கத் தாளைப் பற்றி என்ன சொல்ல?

இத்துடன் நிறுத்திக்கொண்டால், “பார்த்தாயா, எல்லாருக்கும் கொஞ்சம் ஆட்டிசம் உண்டு” என்று நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். அந்த ஒரு வாக்கியம்தான் எனக்குப் பிடிக்காத வாக்கியம்.

என் பெரியம்மாவின் மூத்த மகளுக்கு இருபத்திரண்டாம் வயதில்தான் ஆட்டிசம் என்று தெரிந்தது. (அக்காவின் அனுமதி பெற்றே எழுதுகிறேன். பெயரை மட்டும் எழுதவேண்டாம் என்றார்.) அவரும் புதியவர்களைச் சந்திக்கும் முன் ஒத்திகை பார்க்கிறவர்தான். ஆனால் நான் பார்ப்பது பேச்சுப்போட்டிக்கு முந்தைய நாள். அக்கா பார்ப்பதோ பால்காரரிடம் அரை லிட்டர் கூடுதலாகக் கேட்பதற்கு! அவர் வேறு ஏதாவது கேட்டுவிட்டால் என்ன பதில் என்பதற்கும் இன்னொரு ஒத்திகை. கல்யாண வீட்டுக்குப் போய்வந்தால் நான் களைத்துப்போய் நன்றாகத் தூங்குவேன். அக்காவுக்கு இரண்டு நாள் வாயிலிருந்து சொல் வராது. இருட்டறையில் போர்வைக்குள் இருப்பார். மிக்ஸி ஓடினால் நானும் காதைப் பொத்துவேன். அக்காவோ அந்தச் சத்தம் நின்ற பின்னும் நடுங்குவார். கஞ்சி போட்ட சீருடைக் காலர் கழுத்தில் பட்டால் அன்று முழுவதும் பாடம் ஒன்றும் ஏறாதாம். கல்லூரிப் படிப்பில் மூன்றாம் ஆண்டைத் தாண்ட முடியாமல் அவர் நின்றதற்குக் காரணம் புத்தியின்மை அன்று. கேட்ட வகுப்பைவிட, வகுப்பில் உட்கார்ந்திருப்பதற்கே எல்லாச் சக்தியும் செலவாகிவிட்டது.

இதையெல்லாம் அவர் சொல்லத் தொடங்கியபோது உறவினர் கூறியது என்ன? “எங்களுக்கும் அப்படித்தாம்மா இருக்கு. எல்லாருக்கும்தான் இருக்கு. நாங்க சமாளிக்கலையா?” ஒரு பள்ளியிலும் அதே பதில், ஒரு மருத்துவரிடமும் அதே பதில். எல்லாருடைய இரத்தத்திலும் சர்க்கரை இருக்கிறது. அதனால் எல்லாருக்கும் கொஞ்சம் நீரிழிவு உண்டு என்று எந்த வைத்தியராவது ஊசியை மறுப்பாரா? (ஆட்டிசத்தை நோய் என்று நான் சொல்லவில்லை. அளவைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.)

பட்டியலின் வாக்கியம் எங்கள் இருவருக்கும் உண்மை. அதில் பொய்யே இல்லை. எவ்வளவு, எத்தனை நாள், எப்போதிலிருந்து, அதற்காக எதை இழந்தாய் என்பவற்றைத்தான் அந்தத் தாள் கேட்கவே இல்லை.

அறிந்தவர்கள் கேட்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட கையேட்டின்படி, பிறரோடு பழகுவதில் உள்ள சிரமம் ஓரிடத்தில் மட்டுமன்றிப் பல இடங்களிலும் தென்பட வேண்டும். மாறாத பழக்கம், ஒரே பொருளில் ஆழ்ந்த ஈடுபாடு, ஒலி ஒளிகளின் உறுத்தல் போன்றவையும் சேர்ந்திருக்க வேண்டும். குழந்தைப் பருவத்திலேயே தொடங்கியிருக்க வேண்டும். அன்றாட வாழ்க்கை அதனால் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும். கற்றுக்கொண்ட உபாயங்களால் அது மறைந்திருக்கலாம் என்பதையும் அக்கையேடு ஒப்புக்கொள்கிறது. நம் நாட்டில் செகந்திராபாத்திலுள்ள தேசிய நிறுவனம் உருவாக்கிய அளவுகோலும் என்னைக் கவர்ந்தது. அதில் 40 கூற்றுகள். ‘ஆம், இல்லை’ என்று குறியிட முடியாது. எவ்வளவு அடிக்கடி என்பதைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். பயிற்சி பெற்றவர் பிள்ளையை நேரில் கவனித்து, பெற்றோரையும் கேட்டு இடுவார். 70க்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லை. இதில் ஒரு நயம் பாருங்கள். யாரும் 40க்குக் கீழே வாங்கவே முடியாது! எல்லாரிடமும் சிறிது உண்டு என்பதை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிட்டு, அதற்கு மேல்தான் தேடத் தொடங்குகிறார்கள்.

“அப்படின்னா அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடலாமா அக்கா?” என்று தொலைபேசியில் கேட்டேன்.

“கிழிச்சிடாதே. நான் டாக்டர்கிட்ட போனதே அந்த மாதிரி ஒண்ணைப் பார்த்துத்தான்” என்றார்.

அவர் குறியிட்ட தாளைக் கொண்டுபோகவில்லையாம். நாற்பது பக்க நோட்டு ஒன்றில் ஒவ்வொரு வரியையும் எழுதி, எந்த வயதிலிருந்து, எங்கெங்கே, அதன்பின் என்ன நடந்தது என்று நிரப்பிக் கொண்டுபோனாராம். அந்த உளவியல் மருத்துவர் நோட்டைப் பொறுமையாகப் படித்தார். பிறகு வெளியே காத்திருந்த பெரியம்மாவை உள்ளே அழைத்து, “இவள் நாலு வயசுல எப்படி விளையாடுவாள்?” என்று கேட்டார்.

பெரியம்மா ஒரு மணி நேரம் பேசினாராம். அக்காவுக்கு டீச்சர் விளையாட்டுத்தான் பிடிக்கும். நாள்தோறும் அதே விளையாட்டு, அதே பாடம். தெருப்பிள்ளைகள் ஒவ்வொருவரும் என்ன சொல்ல வேண்டும் என்று அவரே சொல்லிக்கொடுப்பார். ஒருத்தி ஒரு சொல்லை மாற்றிச் சொன்னாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்க மறுத்தால் தேம்பித் தேம்பி, தூக்கம் வரும்வரை அழுவார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வராமல் நின்றுவிட்ட பிறகு, எல்லாருடைய வசனத்தையும் தாமே சொல்லித் திண்ணையில் தனியாக விளையாடுவாராம். போகிற வருகிறவர்களெல்லாம் நின்று பார்த்து, “என்ன சமத்து! இவ டீச்சராத்தான் வருவா” என்று சொல்லிவிட்டுப் போவார்களாம்.