பன்னிருவர் அறையும் எமது பிள்ளைகளும்

1957இல் சிட்னி லூமெட் இயக்கிய 'பன்னிரண்டு கோபக்கார மனிதர்கள்' என்ற அமெரிக்கத் திரைப்படத்தைக் கண்டியில் எமது பெண்கள் குழுவினருடன் பார்த்தேன். தந்தையைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஓர் ஏழை இளைஞன். அவனது உயிர் 12 யூரர்களின் கையில் இருக்கிறது. பதினொரு பேர் உடனேயே அவனைக் குற்றவாளி என்கிறார்கள். ஒருவர் மட்டும் கை உயர்த்தவில்லை. அவன் நிரபராதி என்று அவர் வாதாடவில்லை. ஓர் உயிரைப் பற்றிப் பேசாமலே முடிவெடுக்கக்கூடாது என்கிறார். அனைவரும் ஒருமித்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதால், அந்த ஒருவரை மற்றவர்களால் ஒதுக்க முடியவில்லை. சாட்சியங்கள் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்படுகின்றன.

படம் முடிந்ததும் ஒரு தாய், "என் மகனுக்காகச் சந்தேகப்பட அப்படி ஒருவர் இருந்தாரா?" என்று கேட்டார்.

எமது நாட்டில் யூரர்கள் ஏழு பேர். ஐந்து பேர் உடன்பட்டாலே தீர்ப்பு வழங்கலாம். ஆனால் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் நடந்த வழக்குகளில் யூரர் சபையே இருக்கவில்லை. சாதாரண வழக்கில் ஏற்கப்படாத, பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமும் அங்கு சான்றாகியது. வடக்கு கிழக்குப் பிள்ளைகளும் மலையகப் பிள்ளைகளும் இதனால் வருடக்கணக்கில் சிறையிலிருந்தனர்.

மறுபுறம், பாராளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10இல் கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்டார். அந்த வழக்கு சிங்களம் பேசும் யூரர் சபை முன் நடந்தது. அவரது மனைவி சசிகலாவின் தரப்பு யூரர் விசாரணையை ஆட்சேபித்தும் பயனில்லை. 2016 டிசம்பரில் குற்றஞ்சாட்டப்பட்ட ஐவரும் விடுவிக்கப்பட்டனர்.

சந்தேகத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே என்பது நல்ல நியதி. அதை நாம் வெறுக்கத் தேவையில்லை. அது எம் பிள்ளைகளுக்கும் கிடைக்கவேண்டும், எம்மவரைக் கொன்றதாகச் சொல்லப்படும் வழக்குகளிலும் சாட்சியங்கள் அதே பொறுமையோடு சோதிக்கப்படவேண்டும் என்றே கேட்கிறோம்.

சகோதரிகளே, அந்த ஒருவரின் வேலையை நாமும் தொடங்கலாம். விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிடாதீர்கள். வாசித்து விளக்கும்படி கேளுங்கள். வழக்கின் தரப்பினருக்கு நீதிமன்ற மொழி விளங்காவிட்டால், மொழிபெயர்ப்பைப் பெறும் உரிமையை அரசியலமைப்பே வழங்குகிறது. சட்டத்தரணிக்குப் பணமில்லையெனில் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். நடந்தவற்றைத் திகதியுடன் எழுதி வையுங்கள். கேள்வி கேட்பது குற்றமல்ல.