எழுந்து நடங்கள் என்றது கடிகாரம்



சென்ற சில மாதங்களாக என் இடக்கையில் இருக்கும் கறுப்புக் கடிகாரத்தைப் பற்றி உங்களில் பலர் விசாரித்தீர்கள். வாலிபர்கள் விலையைக் கேட்டார்கள். பெரியவர்கள் அது சர்க்கரையைக் காட்டுமா என்று கேட்டார்கள். ஞாயிறு பள்ளிப் பிள்ளை ஒருவன், "ஐயா, அதுல கேம் இருக்கா?" என்றான். எல்லாருக்கும் இயன்றவரை பதில் சொன்னேன். ஆயினும் அந்தக் கடிகாரத்தைக் குறித்து நான் யாரிடமும் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் இனி யாருக்கும் அதைப் பரிந்துரைக்க என் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை.

இதற்கு முன் நான் கட்டியிருந்தது என் தகப்பனார் தந்த எச்.எம்.டி. கடிகாரம். 1961-ஆம் ஆண்டு ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையின் கடிகாரங்கள் ஒரு தலைமுறை முழுவதற்கும் நேரம் காட்டின. என் குருப்பட்ட ஆராதனை முடிந்ததும் அப்பா தம் கையிலிருந்து கழற்றி என் கையில் கட்டினார். இரவு ஜெபம் முடிந்தவுடன் அதற்குச் சாவி கொடுத்துவிட்டுப் படுப்பது பல ஆண்டுகள் என் வழக்கம். 2016-இல் அந்தக் கடிகாரத் தொழிலை மூட அரசு முடிவெடுத்த செய்தியைப் படித்தபோது, ஊரில் தெரிந்தவர் ஒருவர் காலமானதுபோல் இருந்தது. அது நேரத்தை மட்டுமே சொல்லும் கடிகாரம். வேறெதையும் சொல்லத் தெரியாது.

சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்து வந்த பிறகு, தினமும் நடக்கவேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். வேலூரில் செவிலியராகப் பணிபுரியும் என் மகள், "அப்பா, நீங்கள் நடக்கிறேன் என்று சொல்வதை நான் நம்பமாட்டேன், கடிகாரம் சொன்னால் நம்புவேன்" என்றாள். விடுமுறைக்கு வந்தவள் என்னைக் கடைக்கு அழைத்துச் சென்றாள்.

அன்று நான் கற்றுக்கொண்டவற்றைச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். வாங்க நினைப்பவர்களுக்கு உதவும். முதலாவது, அது உங்கள் கைபேசியோடு சேருமா என்று பாருங்கள். ஆப்பிள் கடிகாரம் ஐபோனோடு மட்டுமே சேரும். சாம்சங்கின் புதிய கடிகாரங்கள் ஆண்ட்ராய்டு கைபேசியோடு மட்டுமே சேரும். இரண்டாவது, எத்தனை நாளைக்கு ஒருமுறை சார்ஜ் செய்யவேண்டும் என்று கேளுங்கள். பல செயலிகள் கொண்டவை பெரும்பாலும் ஓரிரு நாளில் தீர்ந்துவிடும். எளிய வகைகள் ஒரு வாரமும் அதற்கு மேலும் தாங்கும். மூன்றாவது, கடையிலேயே ஒரு தமிழ்ச் செய்தி அனுப்பிப் பாருங்கள். நாங்கள் முதலில் எடுத்த கடிகாரத்தில் என் மகள் அனுப்பிய "அப்பா" என்ற சொல் வெறும் கட்டங்களாக வந்து நின்றது. நான்காவது, பெரியவர்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: தோலில் ஊசி படாமல் கடிகாரமோ மோதிரமோ தானாகவே சர்க்கரையை அளக்கும் என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள். அப்படி அளக்கும் எந்தக் கடிகாரத்துக்கும் தாங்கள் அனுமதி அளிக்கவில்லை என்று அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான அளவை நம்பி இன்சுலினைக் கூட்டியோ குறைத்தோ விட்டால் உயிருக்கே ஆபத்து என்று என் மகளும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து கடிகாரத்தைக் கைபேசியோடு இணைத்தோம். இரண்டின் திரையிலும் ஒரே எண் தோன்றியது. இரண்டிலும் சம்மதம் தந்த பிறகே இணைப்பு ஏற்பட்டது. இந்த இணைப்புக்குப் புளூடூத் என்று பெயர் வந்த கதை எனக்குப் பிடித்திருந்தது. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்ற அரசரின் பட்டப்பெயர் அது. பிரிந்து கிடந்த நாடுகளை ஒன்றாக்கியவர் என்பதால், பிரிந்து கிடக்கும் கருவிகளை ஒன்றாக்கும் நுட்பத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். தம் மக்களைக் கிறிஸ்தவர்களாக்கியவர் என்று தம்மைப் பற்றிக் கல்லில் பொறித்து வைத்தவரும் அவரே. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்த நற்செய்தியாளர்களை அனுப்பிய அதே டென்மார்க்கின் பழைய அரசர் ஒருவருடைய பெயர், இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் வாயில் புழங்குகிறது.

கடிகாரம் எனக்கு நன்மை செய்தது என்பதை மறைக்கமாட்டேன். அதன் அடிப்பக்கத்தில் பச்சை விளக்கொன்று மின்னுகிறது. இரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் மணிக்கட்டில் இரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. அதிலிருந்து நாடித்துடிப்பைக் கணக்கிடுகிறது. விடியற்காலையில் மணிமுத்தாற்றுப் பக்கம் நடக்கத் தொடங்கினேன். நாளுக்குப் பத்தாயிரம் அடி என்ற இலக்கு மருத்துவ நூலிலிருந்து வந்ததன்று, 1965-இல் ஜப்பானில் விற்ற ஓர் அடிக்கணக்குக் கருவியின் பெயரிலிருந்து வந்தது என்று பின்னர் அறிந்தேன். ஆயினும் அந்த எண் என்னை நடக்க வைத்தது. மூன்று மாதத்தில் சர்க்கரை குறைந்தது. மருத்துவர் மகிழ்ந்தார், மகள் நம்பினாள்.

கடையில் அத்தனை கேள்வி கேட்ட நான், ஒரு கேள்வியை மட்டும் கேட்க மறந்துவிட்டேன். என் மணிக்கட்டு வரை எவையெல்லாம் வரலாம்? கைபேசிக்கு வரும் அனைத்தும் கைக்கு வந்தன. சபைக் குழுவின் செய்திகள், வங்கியின் அறிவிப்புகள், யாரோ அனுப்பும் காலை வணக்கப் படங்கள், எல்லாவற்றுக்கும் கை அதிர்ந்தது. இவற்றோடு கடிகாரம் தானாகவே சொல்லும் ஒன்றும் இருந்தது. ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் எழுந்து நடக்கும்படி அது நினைவூட்டும். அதை நான் இயக்கவில்லை, அணைக்கவும் இல்லை.

இனி எழுதுவதை அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

நம் சபையின் பெரியவர் ஒருவர் நெஞ்சு நோயால் படுத்திருந்தார். நாற்பது ஆண்டுகள் நம் ஊரின் பீங்கான் சூளைகளில் உழைத்தவர். அச்சில் வார்த்த பொம்மைகளையும் மின்சார ஃபியூஸ் கட்டைகளையும் சூளையில் அடுக்கி, சுட்டு, இறக்குவதே அவர் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் அவர் என்னைச் சூளைக்கு அழைத்துச் சென்று, விரல் நீளமுள்ள ஒரு மண் கூம்பைக் காட்டியிருந்தார். "இதுக்குப் பேரு கோனுங்க ஐயா. சாமானோட சாமானா இதையும் உள்ள வெச்சிடுவோம். ஓட்டை வழியா பாத்துக்கிட்டே இருக்கணும். இது தலை சாஞ்சா சாமான் வெந்துடுச்சுன்னு அர்த்தம்" என்றார். 1886-இல் ஜெர்மானியரான ஹெர்மன் செகர் வகுத்த முறை அது என்று பிறகு படித்தேன். அப்போது அதை ஒரு தொழில் நுணுக்கமாக மட்டுமே கேட்டுக்கொண்டேன்.

அவர் என்னைப் பார்க்கவேண்டும் என்று சொல்லியனுப்பியதால் ஒரு மாலையில் போனேன். கயிற்றுக் கட்டிலின் அருகே நாற்காலி போட்டார்கள். பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கு மூச்சு வாங்கியதால், பேச்சைவிட மௌனமே அதிகம். ஒரு மணி நேரம் அப்படிச் சென்றது. அவருடைய மனைவி தேநீர் போட உள்ளே போனதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஐயா, ஒரு விஷயம். ரொம்ப வருசமா மனசுல கெடக்குது..."

அப்போது என் கை அதிர்ந்தது. திரை ஒளிர்ந்தது. நான் குனிந்து பார்த்தேன். நெடுநேரம் அமர்ந்திருக்கிறீர்கள், எழுந்து நடங்கள் என்பது செய்தி.

நான் பார்த்தது ஒரு நொடிதான். ஆனால் நான் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். கடிகாரத்தைப் பார்க்கிறவன் என்ன நினைக்கிறான் என்று உலகில் எல்லாருக்கும் தெரியும். என் கடிகாரம் புதிய வகை, நேரம் பார்க்க நான் குனியவில்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

"ஐயாவுக்கு வேலை இருக்கும். இன்னொரு நாள் பேசிக்கலாம். ஜெபம் பண்ணிட்டுப் போங்க."

"இல்லீங்க பெரியவரே, சொல்லுங்க" என்றேன். அவர் சிரித்தபடி தலையசைத்தார். நான் இன்னும் ஒருமுறை வற்புறுத்தியிருக்கலாம். நாற்காலியை இன்னும் அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கலாம். சபையாரே, உங்களிடம் உண்மையைச் சொல்லவேண்டும். அன்று ஏழு மணிக்கு எனக்கு ஒரு குழுக் கூட்டம் இருந்தது. அவர் விடை கொடுத்தது என் உள்ளத்தின் ஒரு மூலைக்கு வசதியாகவே இருந்தது. ஜெபித்தேன், எழுந்தேன், கடிகாரம் சொன்னபடியே நடந்தேன். அன்றிரவு அது திரையில் வாணவேடிக்கை காட்டி, அந்த நாளின் இலக்கை நான் எட்டிவிட்டதாக வாழ்த்தியது.

மூன்றாம் நாள் விடியுமுன் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அடக்க ஆராதனை முடிந்து சில நாள் கழித்து அவருடைய மனைவி என்னிடம், "ஐயாகிட்ட ஏதோ சொல்லணும்னு இருந்தாருங்க. என்கிட்டயும் சொல்லல. உங்ககிட்டயாவது சொன்னாருங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். என் ஊழியத்தில் நான் சொன்ன பதில்களில் அதைப் போல் கனமான பதில் வேறில்லை.

அந்த வாரம் மாற்கு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரத்தை மறுபடியும் வாசித்தேன். இறையியல் கல்லூரி நாட்களிலிருந்து பலமுறை பிரசங்கித்த பகுதி. ஜெபாலயத் தலைவரான யவீருவின் மகள் மரணத் தறுவாயில் கிடக்கிறாள். இயேசு விரைந்து போகவேண்டிய நேரம். கூட்டம் நெருக்குகிறது. வழியில் ஒரு பெண் அவருடைய ஆடையைத் தொட்டுக் குணமாகிறாள். அவர் போய்க்கொண்டே இருந்திருக்கலாம். அவளுக்குத்தான் சுகம் கிடைத்துவிட்டதே. ஆனால் அவர் நின்றார். அவள் நடுக்கத்தோடு முன்வந்து, தன் பன்னிரண்டு ஆண்டுத் துயரத்தின் உண்மை முழுவதையும் சொல்லும் வரை நின்றார். இத்தனை ஆண்டுகள் நான் அந்தப் பகுதியில் குணமாக்குதலையே பிரசங்கித்திருக்கிறேன். அவர் நின்றதைப் பிரசங்கித்ததில்லை. அவசரம் இல்லாதவர் நிற்பது பெரிதன்று. உயிர்போகும் அவசரத்தில் இருந்தவர், ஒருத்தி சொல்லி முடிப்பதற்காக நின்றார்.

சூளைப் பெரியவர் காட்டிய கூம்பும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெப்பமானி நெருப்பு எத்தனை டிகிரி என்று எண்ணிச் சொல்லும். கூம்போ, பாத்திரங்களைப் போன்ற மண் கலவையால் ஆனது. அவற்றின் நடுவிலேயே நின்று, அதே நெருப்பை அதே நேரமளவும் தாங்கும். வெப்பத்தின் அளவு மட்டுமன்று, அதைத் தாங்கிய நேரமும் சேர்ந்தே அதன் தலையைச் சாய்க்கிறது. நோயுற்றவரின் கட்டிலருகே உட்காருகிறவரின் வேலையும் இதுதான். என் கடிகாரம் அன்று என் நாடித்துடிப்பைச் சரியாக எண்ணியிருக்கும். ஒரு மனிதர் பல ஆண்டு பாரத்தை இறக்கி வைக்கப் போகிறார் என்பது அதற்குத் தெரிய வழியில்லை. தெரிந்திருக்கவேண்டியவன் நான்.

ஆகவே குற்றம் கடிகாரத்தின்மேல் இல்லை. அதைக் கழற்றி எறியவும் இல்லை. இன்று காலையும் அதைக் கட்டிக்கொண்டே நடந்தேன். செய்த மாற்றங்கள் சிலவே. செய்திகள், அறிவிப்புகள் அனைத்தையும் கைபேசியோடு நிறுத்திவிட்டேன். என் மனைவி, மகள், ஆலயப் பணியாளர் ஆகிய மூவரின் அழைப்புகள் மட்டுமே கைக்கு வருகின்றன. எழுந்து நடக்கச் சொல்லும் நினைவூட்டலை அணைத்துவிட்டேன். வீடு சந்திக்கப் போகும்போது கடிகாரத்தையும் கைபேசியையும் வண்டியின் பெட்டியில் பூட்டிவிட்டு, வெறுங்கையோடு உள்ளே வருகிறேன். அந்த நேரத்தில் நான் உங்கள் அழைப்பை எடுக்காவிட்டால் மன்னியுங்கள். வேறொருவருடைய வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்கு வரும்போதும் அப்படியே வருவேன்.

இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் எதையோ சொல்லத் தொடங்கி, உங்கள் கண் கீழே போவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டவர் ஒருவர் இருக்கலாம். பள்ளியிலிருந்து வந்த பிள்ளையாக இருக்கலாம். திண்ணையில் இருக்கும் தாயாராக இருக்கலாம். அவரிடம் போய், "அன்றைக்கு ஏதோ சொல்ல வந்தீர்களே, என்ன அது?" என்று கேளுங்கள். எனக்கு அந்த வாய்ப்பு மூன்று நாள் இருந்தது. நான் கேட்கவில்லை.

ஜெபிப்போம். ஆண்டவரே, அவசரத்தின் நடுவிலும் நின்று கேட்டவரே, எங்கள் நாட்களை எண்ணுவதற்கு முன் எங்கள் அருகில் இருப்பவரைப் பார்க்க எங்களுக்குக் கற்றுத்தாரும். சொல்லப்படாமல் போன அந்த வார்த்தையை நீர் அறிவீர். அதைச் சொல்ல வந்தவரை உமது இளைப்பாறுதலில் காத்துக்கொள்ளும். கேட்கத் தவறினவனை மன்னியும். ஆமென்.

கர்த்தருடைய பணியில்,
உங்கள் ஆயர்
விருத்தாசலம்