காயமும் கதையும்

காசோலையில் உள்ள கையெழுத்து எங்களிடமிருக்கும் மாதிரியோடு ஒத்துப்போகாவிட்டால், 'கையெழுத்து வேறுபடுகிறது' என்று சீட்டெழுதித் திருப்பிவிடுவோம். கள்ளக் கையெழுத்து என்று எழுதமாட்டோம். அது குமாஸ்தாவின் வேலையல்ல. குழந்தையின் உடம்பில் காயம் பார்க்கும் மருத்துவரின் சந்தேகமும் இந்த ஜாதிதான் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை அமிர்தியில் பேசிக்கொண்டிருந்தபோது தோன்றியது. நண்பர் ஜவ்வாது மலைமேல் மருத்துவர். அவர் இறங்கி வருவார்; நான் வேலூரிலிருந்து கணியம்பாடி வழியாகப் போவேன். மிருகக்காட்சி சாலைக் கூட்டத்தை விட்டு ஒதுங்கி உட்காருவோம்.

"குற்றவாளிய நாங்க தேடறதில்ல சார். சொல்ற கதைக்குள்ள இந்தக் காயம் அடங்குதான்னுதான் பாக்கறோம்" என்றார்.

கொதிநீர் தவறிக் கொட்டினால் ஒழுங்கில்லாமல் சிதறிப் படும். பிடித்து அமிழ்த்தியிருந்தால் காலுறை மாட்டியதுபோல ஒரே கோட்டில் நிற்கும். இன்னும் தவழாத குழந்தையின் கன்றிய கன்னத்துக்கு 'விழுந்துவிட்டது' என்பது போதிய விளக்கமல்ல. இரண்டு வயதுக்குட்பட்டதானால் உடம்பு முழுக்க எக்ஸ்ரே எடுக்கிறார்கள். முதுகுப் பக்கத்து விலா எலும்பில் ஆறிக்கொண்டிருக்கும் பழைய முறிவு பேசிவிடும். விழித்திரையில் ரத்தக் கசிவு உண்டா என்று பார்க்கிறார்கள். தாயையும் தகப்பனையும் தனித்தனியே கேட்கிறார்கள். அதே கவனத்தோடு எதிர்ப்பக்கமும் போயாக வேண்டும்: எலும்பு நொறுங்கும் பிறவி நோய், ரத்தம் உறையாமை, நம் குழந்தைகளுக்குப் பிட்டத்தில் பிறவியிலேயே இருக்கும் நீலத் திட்டு, நோய் தீரவென்று யாரோ போட்ட சூடு. முடிவு தெரியும்வரை குழந்தையை வார்டில் வைத்துக்கொள்வதே பாதி சிகிச்சை.

ஆசிரியன் சொல்வதை நம்பாதே, பிரதியைப் பார் என்று பி.ஏ. வகுப்பில் எங்களுக்குப் போதித்தார்கள். நாம் தப்பாக வாசித்தால் யாருடைய எலும்பும் முறிவதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

வாசகன் இல்லாமல் பிரதி மட்டும் நூறு வருஷம் கிடந்ததுண்டு. பாரிஸின் சட்ட மருத்துவர் தார்தியூ, கொடுமைக்குள்ளான 32 குழந்தைகளைப் பற்றி 1860இல் எழுதினார். யாரும் சட்டை செய்யவில்லை. 1946இல் அமெரிக்காவில் காஃபி, மண்டைக்குள் ரத்தக்கட்டும் கைகால் முறிவும் சேர்ந்திருந்த ஆறு குழந்தைகளின் எக்ஸ்ரேக்களை விவரித்தார். எலும்பைப் பார்த்தவர் கையைப் பார்க்கத் தயங்கினார். 1962இல் கெம்ப்பும் அவருடைய சகாக்களும் அதற்குப் பெயர் வைத்த பிறகுதான் மற்றவர்கள் கண்ணுக்கும் படத் தொடங்கியது.

நம் பக்கத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2013 ஆகஸ்டில் ஒரு கைக்குழந்தையைத் தீக்காயங்களோடு சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். உடம்பு தானாகப் பற்றிக்கொள்கிறது என்றது கதை. பத்திரிகைகளுக்கு அற்புதம் கிடைத்துவிட்டது. மருத்துவர்கள் பரிசோதனைகளைச் செய்து, குழந்தையின் உடம்பில் விசேஷமாக ஏதுமில்லை என்றார்கள். யாராவது துன்புறுத்தியிருக்கலாம் என்பதையும் ஒதுக்கவில்லை. 2015 ஜனவரியில் அதே வீட்டின் அடுத்த குழந்தையும் தீக்காயத்தோடு வந்தது. யார் செய்தது என்பது என் விஷயமல்ல. தானாக எரியும் குழந்தையை நம்ப இத்தனை பேர் தயாராக இருந்தோம் என்பதுதான் விஷயம்.

சந்தேகத்தைக் கடமையாக்கியது 2012ஆம் வருஷத்துப் போக்சோ சட்டம். அது பாலியல் குற்றங்களுக்கு மட்டும். அடி உதை இளைஞர் நீதிச் சட்டத்தில் வரும். பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்தவர் போலீஸுக்குச் சொல்லியாக வேண்டும். மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. வழக்குப் பதிவாகாவிட்டாலும் குழந்தையைப் பரிசோதிக்கலாம், குழந்தை நம்பும் ஒருவர் உடனிருக்க வேண்டும், பெண் குழந்தையானால் பெண் மருத்துவர்தான் பார்க்க வேண்டும் என்கிறது 27ஆம் பிரிவு. நல்ல ஏற்பாடு. கௌரவத்துக்காக மூடி மறைக்கும் வீடுகளுக்கு இந்தக் கண்டிப்பு வேண்டும்தான்.

ஆனால் மலைமேல் நண்பரிடம் வருவது பெரும்பாலும் வேறுவகை. பதினேழு வயதுப் பெண், வயிற்றில் ஐந்து மாதம். கூட வரும் மாமியார் ஒளிக்காமல் கல்யாணக் கதையைச் சொல்கிறாள். கதையும் உடம்பும் அட்சரம் பிசகாமல் ஒத்துப்போகின்றன. இருந்தும் அது குற்றம். பதினெட்டுக்குக் குறைந்த மனைவியோடு கூடுவதும் வன்புணர்ச்சியே என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லிவிட்டது. சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். பதினைந்தில் பிள்ளை பெறுவதைப் 'பழங்குடிப் பண்பாடு' என்று கீழே உட்கார்ந்து சிலாகிப்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. 2022இல் அதே நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அவள் பெயரைத் தெரிவிக்க வேண்டியதில்லை என்றது. பெற்றுக்கொள்ள வருபவளுக்கு அந்தச் சலுகை இல்லை.

அந்த ஐந்து மாதப் பெண்ணைப் பற்றி நண்பர் தகவல் கொடுத்தார். புருஷனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். பிரசவத்துக்கு அவள் வரவில்லை. செவிலியர் ஊருக்குத் தேடிப் போனபோது, வீட்டிலேயே பெற்று, குழந்தைக்குப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

"அடுத்த வருஷம் அந்த ஊர்லேந்து ஒரு கர்ப்பிணிகூட வரல சார்" என்றார். "சட்டப்படி எங்கிட்ட ஒரு கேஸும் இல்ல."